கூரைக்கு வெளியே

“சுவரில உரசாமத் தூக்குங்க. சுண்ணாம்பு காய்ஞ்சும் காயாம இரிக்கு.”

சொன்னது கட்டிலைத் தூக்கியவர்களல்ல, கட்டிலில் கிடந்தவள். தம்பி வினாயகமூர்த்தி தலைமாட்டையும் மகள் வசந்தாதேவி கால்மாட்டையும் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது, கழுத்துவரை போர்த்துக் கிடந்த அன்னப்பூரணி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சாவதற்காக அவளை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகிறார்கள். அவளுக்கோ சுவரில் கீறல் விழுந்துவிடக் கூடாதென்ற கவலை! வசந்திக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு காலால் படியைத் தேடினாள்.

“மெதுவா, புள்ள. மாமன் பின்பக்கமா வாறார்.”

“நீங்க பேசாமக் கிடங்கம்மா.”

“நான் பேசாமக் கிடந்தா இதையெல்லாம் ஆரு பார்க்கிற?”

கிணற்றடியைக் கடந்து, வாவிப் பக்கத்து வேலியோரம் நின்ற கொட்டிலுக்குள் கட்டிலை இறக்கினார்கள். வசந்தியின் அப்பா உயிரோடிருந்த காலத்தில் தோணி ஏற்றி வைத்த கொட்டில் அது. தோணியும் போய்விட்டது, மனிதரும் போய்விட்டார். தென்னோலைக் கிடுகுக் கூரை மட்டும் மிஞ்சியிருந்தது.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் வினாயகமூர்த்தியின் வாய்தான். நேற்றுப் பின்னேரம் அக்காவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார். குளிர்ந்திருந்தது. சும்மா இராமல் பஞ்சாங்கத்தை எடுத்துப் புரட்டினார். “நாளைக்குப் பொழுதுபட அவிட்டம் பிறக்குது. பஞ்சமி” என்று குசினிக்குள் வசந்தியிடம் சொன்னது கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது. அவிட்டத்தில் தொடங்கி ரேவதி முடியுமட்டும் உள்ள நாட்களில் வீட்டுக்குள் ஒரு சாவு விழுந்தால் போதும். கூரையைப் பிரித்து வழி விடவேண்டும். மாதக் கணக்கில் பூட்டி வைக்கவேண்டும். அதற்குப் பிறகும் பஞ்சமி வீடு என்ற பெயர் போகாது. அப்படியொரு வீட்டில் எந்தத் தாய் தன் பெண்ணைக் குடிவைப்பாள்? வீடு பார்க்க ஆட்கள் வருவதோ இன்றைக்கு.

அறைக்குள்ளிருந்து உடனே குரல் வந்தது.

“அப்ப என்னை வெளியில போடுங்க.”

“என்னக்கா கதைக்கிறாய்?” வினாயகமூர்த்தி பதறிப்போய் ஓடினார். “நீ பிறந்த வீடு இது. ஆராவது அப்பிடிச் செய்வாங்களா?”

“கொட்டிலுக்குள்ள செத்தா கொட்டிலுக்குத்தானே தோஷம்? மறுகா அதைப் பிரிச்சு எரிச்சுப்போடு. கிடுகுதானே.”

வினாயகமூர்த்தி திரும்பவும் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இதற்கு மறுமொழி பஞ்சாங்கத்திலும் இல்லை.

வீட்டை விற்பது நல்லரத்தினத்துக்காக. வசந்தியின் ஒரே தம்பி. தொண்ணூறாம் ஆண்டுக்குப் பிறகு இரண்டு தரம் ஆமிக்காரரின் சுற்றிவளைப்பில் பிடிபட்டான். இரண்டு தரமும் அன்னப்பூரணி முகாம் வாசலில் வெயிலில் கிடந்து, கெஞ்சி, சண்டை பிடித்து, அவனைக் கூட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். மூன்றாம் தரம் போனவன் திரும்பி வந்ததாக அந்த ஊரில் கதையே இல்லை. இப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளிந்து கிடக்கிறான். வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் காசுக்கு இந்த மாதத்தோடு தவணை சரி என்று சொல்லிவிட்டான். வீடு விலைப்பட்டால் பிள்ளை தப்புவான். விலைப்படாவிட்டால் அவனும் இல்லை.

ஆனால் வீடு வசந்தியுடையது. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அன்னப்பூரணிக்கு அவளுடைய தாய் கொடுத்தது. வசந்தியின் பேருக்கு எப்போதோ உறுதிப் பத்திரம் எழுதியாயிற்று. வீடில்லாத பெண்ணைத் தேடி மாப்பிள்ளை எந்தத் திசையிலிருந்து வருவான்? இருபத்தாறு வயதான வசந்திக்கு இது தெரியாததல்ல. அன்னப்பூரணி சுற்றி வளைக்கவில்லை. ஒரு நாள் காலையில் மகளை முன்னால் இருத்திக் கேட்டாள்.

“வீடு உண்ட. நீ மாட்டன் எண்டா விக்கமாட்டன். உன்னில கோவிக்கவும் மாட்டன்.”

அன்று பகல் முழுவதும் வசந்திக்குத் தம்பியில் கோபம் வந்தது. தாயில் கோபம் வந்தது. அவனைத் தேடித் திரிகிறவர்களில் வந்த கோபத்தைச் சொல்லவே வேண்டாம். பொழுது சாயும் நேரம் விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள்.

“ஆட்கள் வந்து பார்க்கிறதெண்டா முத்தம் துப்பரவா இரிக்கணுமே” என்றாள்.

அன்னப்பூரணி மகளைக் கட்டிப்பிடிக்கவுமில்லை, அழவுமில்லை. “கிணத்தடியில இரிந்து தொடங்கு” என்றாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்ததை வசந்தி காணாததுபோல் இருந்துகொண்டாள்.

தரகர் ஒருவரைப் பிடிக்கலாம் என்று வினாயகமூர்த்தி சொல்லிப் பார்த்தார். அக்காவிடம் அது பலிக்குமா?

“தரகன் வந்தா நாளைக்கே சந்தி முழுக்கத் தெரியும். அன்னப்பூரணி வீடு விக்கிறாள், ஏன் விக்கிறாள், ஆருக்காக விக்கிறாள் எண்டு கேட்பாங்க. கேட்கிற எல்லாரும் நல்லவங்களா? எண்ட வீட்டைப் பத்தி எனக்குத் தெரியாததை அவன் என்னத்தைச் சொல்லப்போறான்?”

வாங்கும் ஆளையும் அவளேதான் தேடிப் பிடித்தாள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து தயிர் கொண்டுவரும் கண்ணகையை மறித்து வைத்து, அக்கரையில் யார் வீட்டில் கல்யாண வயதுக் குமர் இருக்கிறது, யார் இந்தக் கரையில் வீடு எடுக்க யோசிக்கிறார்கள் என்று நோண்டி நோண்டி விசாரித்தாள். அக்கரையில் ஷெல் விழாத கிழமை இல்லை. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் பாலத்துக்கு இந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தார்கள். மகளுக்கு வீடு தேடும் பழுகாமத்து ஆச்சிப்பிள்ளை என்ற பெயரைக் கேட்டதும் அன்னப்பூரணி விசாரிப்பதை நிறுத்திக்கொண்டாள். “அந்த மனிசிக்கிட்ட மட்டும் சொல்லு கா. வேற ஆருக்கிட்டயும் மூச்சு விடாத.”

பிறகு வீட்டைச் சோடித்தார்கள். வயிற்றுக்குள் கட்டி, இனிச் செய்ய ஒன்றுமில்லை, கொண்டுபோய் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவள், கட்டிலில் கிடந்துகொண்டு ஒரு வீட்டையே புதுப்பித்தாள் என்றால் யார் நம்புவார்கள்? கிணறு இறைத்தது, கப்பிக்கு எண்ணெய் விட்டது, சிவப்புச் சீமெந்துத் தரையைத் தேங்காய் மட்டையால் தேய்த்து முகம் தெரிய வைத்தது எல்லாம் வசந்தியின் கை. சொன்னது அவள் வாய். கூடத்தில் மாலையோடு தொங்கிய புருஷனின் படத்தை அறைக்குள் மாற்றச் சொன்னாள். “வந்த உடன செத்த மனிசன்ட முகத்தில முழிக்க வேணாம். அவர் கோவிக்கமாட்டார்.” அன்றைக்கு மீன் கறி வைக்கக் கூடாதென்றாள். ஆட்களைக் காலையில் வரச் சொல்லாமல், காற்று வாவியைத் தாண்டி வந்து கூடம் குளிர்கிற பின்னேரத்தில் வரச் சொன்னாள்.

சுவரில் துப்பாக்கிச் சன்னம் பாய்ந்த துளைகள் இருந்தன. அவற்றைச் சீமெந்து பூசி அடைக்கச் சொன்னாள், ஒன்றைத் தவிர.

“அதை ஏனம்மா விடுற?”

“எல்லாத்தையும் அடைச்சா எங்க அடைச்சிரிக்காங்க எண்டு தேடுவாங்க. ஒண்டைக் கண்டா அதோட விட்டுடுவாங்க.”

அந்தத் தலையைப் பார்த்து வசந்திக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் தலையா இன்னும் கொஞ்ச நாளில் சாம்பலாகப் போகிறது?

கொட்டிலுக்குள் வைத்துத் தாயின் தலையை வாரி, முகம் துடைத்து, முதுகுக்குப் பின்னால் தலையணை அண்டைகொடுத்து நிமிர்த்தினாள் வசந்தி. வெற்றிலை வட்டா கட்டிலருகே வந்தது.

“காய்ச்சல் எண்டு சொல்லு. பகல்ல உள்ளுக்கு வெக்கை, அதால இஞ்ச கிடக்கிறா எண்டு சொல்லு.”

“பொய்தானே அம்மா?”

“வெக்கை பொய்யா? நீயே சொல்லு.”

வீடு பார்க்கிறவர்கள் பட்டிருப்புப் பாலத்து ஆமிச் சோதனைச் சென்றியில் இறங்கி ஏறி, ஆளடையாள அட்டை காட்டி, வெயிலில் வாடி வந்தார்கள். ஆச்சிப்பிள்ளை கறுத்த, அகன்ற தோளுள்ள மனிசி. அவளுடைய புருஷன் ஏரம்பமூர்த்தி ஒல்லி. பெண்சாதிக்கு ஒரு அடி பின்னால்தான் நடந்தார். கொட்டிலுக்குள் உட்கார்ந்து, வெற்றிலை போட்டு, தாய்வழிக் குடி விசாரித்துக்கொண்டார்கள். வேறு வேறு குடி. கொண்டு கொடுக்கிற முறை. அந்த இடத்திலேயே இரண்டு பெண்களும் மச்சாள்மாராகிவிட்டார்கள்.

“புள்ள காட்டுவா, போய்ப் பாருங்க மச்சாள். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல்” என்றாள் அன்னப்பூரணி.

முதலில் கிணறு, பிறகு குசினி, பிறகு கூடம், கடைசியில் அறை. தாய் சொல்லிக் கொடுத்த ஒழுங்குப்படியே வசந்தி கூட்டிக்கொண்டு போனாள். ஆச்சிப்பிள்ளை தானே வாளியை இறக்கித் தண்ணீர் இழுத்து, கையில் ஏந்திக் குடித்துப் பார்த்தாள். குசினியில் புகை போகும் வழியை அண்ணாந்து பார்த்தாள். ஏரம்பமூர்த்தி வினாயகமூர்த்தியோடு கூரை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தவர், சுவரிலிருந்த துளைக்குள் விரலை விட்டார்.

“இது ஒண்டு கிடக்கு.”

வினாயகமூர்த்தி அவசரமாக மேலே கூரை மரத்தைக் கைகாட்டினார்.

“எங்கட வீட்டைப் பார்த்தா ஓட்டை ஓட்டையா அரிதட்டு” என்று சொல்லி ஏரம்பமூர்த்தி சிரித்துவிட்டு அப்பால் நடந்தார். அவ்வளவுதான்! அம்மா கிடந்த இடத்திலிருந்தே வெல்கிறாளே என்று வசந்தி நினைத்துக்கொண்டாள். ஒவ்வொரு கதவைத் திறந்து காட்டும்போதும் அது தன்னுடைய கதவு என்ற எண்ணம் வரத்தான் செய்தது. தாய் கிடந்த அறையில் தொட்டில் கட்டுவதற்கென்று அவள் ஒரு வளையை மனதுக்குள் குறித்து வைத்திருந்தாள். அதையும் காட்டினாள். “தொட்டில் கட்ட இந்த வளை நல்லது, மாமி. பாரம் தாங்கும்.”

ஆச்சிப்பிள்ளை மேலே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பளபளத்த சிவப்புத் தரையில் நாலு வெளிறிய புள்ளிகள் இருந்தன. கட்டில் கால்கள் நின்ற இடம். தாய் கிடந்த கட்டிலைச் சுற்றிச் சுற்றியே இத்தனை நாளும் வசந்தி தேய்த்திருக்கிறாள். காலையில் கட்டிலைத் தூக்கிய பிறகு அந்த இடத்தைத் தேய்க்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை. துளை பார்த்த அன்னப்பூரணிக்கும் வரவில்லை.

“இவடத்த கனநாளா ஆரோ கிடந்திரிக்காங்க” என்றாள் ஆச்சிப்பிள்ளை.

இதற்கு என்ன சொல்லவேண்டும் என்று அம்மா சொல்லித் தரவில்லையே. வசந்தி ஒரு புள்ளியின்மேல் காலை வைத்து மறைத்தாள்.

ஆச்சிப்பிள்ளை வெளியே வந்து நேரே கொட்டிலுக்குப் போனாள். கட்டில் சட்டத்தில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அன்னப்பூரணியின் பாதத்தைப் பிடித்தாள்.

“இது காய்ச்சல் கால் இல்ல, மச்சாள். எங்கட அம்மாவை நான்தான் கடைசிமட்டும் வைச்சுப் பார்த்த.”

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் வசந்தி. லொட்ஜ் அறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருக்கும் தம்பியின் முகம் வந்து நின்றது.

அன்னப்பூரணி மச்சாளின் முகத்தை நேரே பார்த்தாள். “ஓம். நான் போகப்போறன். இண்டைக்கோ நாளைக்கோ.”

“அப்ப ஏன் கா வெளியில வந்து கிடக்கீங்க?”

“பொழுதுபடப் பஞ்சமி. நீங்க உங்கட புள்ளைக்கு எடுக்கப்போற வீடு. அதுக்குள்ள கிடந்து நான் செத்தா அந்தப் புள்ள எப்பிடிச் சீவிக்கிற?”

“நான் எடுப்பன் எண்டு இன்னும் சொல்லல்லயே.”

“நீங்க எடுக்காட்டி வேற ஒரு புள்ள வரும்தானே.”

கிடுகோலை காற்றில் படபடத்தது. ஏரம்பமூர்த்தி தொண்டையைச் செருமினார். ஆச்சிப்பிள்ளை திரும்பி அவரைப் பார்த்த பார்வையில் அந்தச் செருமல் அப்படியே நின்றது. பாதத்தைப் பிடித்திருந்த கையை அவள் எடுக்கவில்லை.

“விலையைச் சொல்லுங்க, மச்சாள்.”

அன்னப்பூரணி சொன்னாள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னாள். சாகக் கிடக்கிற நேரத்திலும் பேரத்துக்கு இடம் விட்டுச் சொன்னாள்! ஆச்சிப்பிள்ளையும் குறைத்துத்தான் கேட்டாள். பேசாமல் சம்மதித்தால் அது இரக்கப்பட்டதாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் ஏறினாள், இவள் இறங்கினாள். அந்தக் கொஞ்ச நேரம் அன்னப்பூரணியின் கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. நல்லரத்தினத்தை அனுப்பப் போதுமான இடத்தில் வந்து நின்றார்கள். ஆச்சிப்பிள்ளை வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, மடி முடிச்சை அவிழ்த்து அச்சாரத்தை வசந்தியின் கையில் வைத்தாள். வசந்திக்கு விம்மல் வந்தது. தம்பி தப்பிவிட்டான். தனக்கு வீடில்லை. இரண்டும் ஒரே கையில்தான் இருந்தன.

“இனி வீடு எண்ட” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “நான் சொல்றன், உள்ளுக்குக் கொண்டுபோங்க மனிசியை. பஞ்சமியோ கிஞ்சமியோ, நான் பார்த்துக்கொள்றன்.”

வினாயகமூர்த்தி தலைமாட்டைப் பிடிக்கக் குனிந்துவிட்டார். அன்னப்பூரணி கையை ஆட்டினாள். முகத்தில் சிரிப்பு.

“வித்த வீட்டுக்குள்ள போய் ஆராவது சாவாங்களா, மச்சாள்?”

பாலம் பொழுதுபட அடைபடும். மாடு கன்றைப் பார்க்க ஏரம்பமூர்த்தி புறப்பட்டார். ஆச்சிப்பிள்ளை போகவில்லை. “நீங்க போங்க. நான் நாளைக்கு வாறன்” என்று சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேப்பங்கொத்தால் ஈ விரட்ட உட்கார்ந்தாள். வசந்திக்கு அவளைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

வாவிக்கு மேலே வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. அன்னப்பூரணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது.

“புள்ள.”

“என்னம்மா?”

“தம்பிக்கு அறிவிக்க வேணாம். அறிவிச்சா கொள்ளி வைக்க ஓடி வருவான். வாற வழியில சென்றியில பிடிப்பாங்க. பிளேன் ஏறின மறுகா சொல்லுங்க.”

வினாயகமூர்த்தி வேலிப் பக்கம் திரும்பி நின்று துவாயால் வாயைப் பொத்திக்கொண்டார். வசந்தி “சரியம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிக்க அவள் பட்ட பாடு!

“விளக்கு வைச்சிட்டியா?”

வசந்தி ஓடிப்போய்க் கூடத்தில் விளக்கேற்றிவிட்டு வந்தாள். திறந்த கதவாலும் ஜன்னலாலும் வெளிச்சம் முற்றத்தில் விழுந்தது. அன்னப்பூரணி அந்தப் பக்கம் தலையைத் திருப்பச் சொன்னாள். பிறந்த நாளிலிருந்து விளக்கு வைக்கிற நேரமெல்லாம் அவள் வீட்டுக்குள்ளேதான் நின்றிருக்கிறாள்.

“வெளியில இரிந்து பார்க்க நல்லாத்தான் இரிக்கு” என்றாள். “இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிரிக்கலாம்.”

ஆச்சிப்பிள்ளை சிரித்துவிட்டாள். அழுதுகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓயும் முன் அன்னப்பூரணியின் மூச்சு ஒருதரம் நீளமாகப் போனது. அடுத்த மூச்சுக்காக எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அம்மோ!” என்ற வசந்தியின் குரல் வாவிக்கரை வளவுகள் எல்லாவற்றுக்கும் கேட்டது. அயலவர்கள் வேலியைத் தாண்டி வந்தார்கள். ஒப்பாரி எழுந்தது. இப்படியொருத்தியை இனி எங்கே காண்போம் என்று வந்தவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதார்கள். வசந்தி மண்ணில் புரண்டு அழுது தீர்த்தாள். பிறகு, குளிப்பாட்டி உடுத்த வேண்டுமே, சீலை எங்கே என்று யாரோ கேட்டார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பி வீட்டை நோக்கி நடந்தாள்.

வாசற்படிக்குக் கீழே வந்து நின்றுவிட்டாள். வலது காலைத் தூக்கியவள் திரும்ப மண்ணில் வைத்தாள்.

“மாமி” என்று கூப்பிட்டாள்.

ஆச்சிப்பிள்ளை எழுந்து வந்தாள்.

“அலுமாரி மேல்தட்டில அம்மாட வெள்ளைச் சீலை இரிக்கு, மாமி.”

“போய் எடன், புள்ள.”

“எனக்குச் சாவுத் துடக்கு. நான் உள்ளுக்குப் போகக்கூடாது. உங்கட மகள் வந்து இரிக்கப்போற வீடு.”

ஆச்சிப்பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிணற்றடிக்குப் போய்ச் சாவைத் தொட்ட துடக்குப் போக வாளி வாளியாகத் தலையில் தண்ணீர் வார்த்தாள். ஈரச் சேலை காலைத் தட்டத் தட்டப் படியேறி உள்ளே போனாள். அலுமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சீலையை நனைக்காமல் உடம்பிலிருந்து தள்ளி இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, படிக்குக் கீழே நின்ற வசந்தி அதை வாங்கிக்கொள்ளக் கைகளை நீட்டினாள்.